முயலுக்குப் போட்ட குதிரைமசால்

என் கொழுந்தனாரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே என் முயல் அவளிடம் போய்விட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய தம்பிக்கும் அங்கேயேதான் வேலை. இருவரும் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். கல்யாணமாகி நான்கு வருஷம் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பெண். எனக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று, ஒரு லாரிக்காரர் மலையிலிருந்து கொண்டுவந்த முயல் குட்டியை என் கணவர் வாங்கி வந்தார். சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் வெளுப்பு. கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற வெள்ளைப் பனியன் துண்டுகளைக் கூண்டில் விரித்து அதை வளர்த்தேன். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அதனிடம் பேசிக்கொண்டே இருப்பேன். அது ஒரு வருஷத்தில் நன்றாகக் கொழுத்துவிட்டது.

அப்போதுதான் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணின் அப்பா மலைமேல் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் முயல்களையும் கினிப்பன்றிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். சின்ன வயதில் அவரோடு கூண்டு கழுவப் போயிருக்கிறாளாம். வந்த மூன்றாம் நாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முயலைக் கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது தானாகத் தத்தித் தத்திப் போய் அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

ஒரு வருஷமாக நான் "வா கண்ணு, வா கண்ணு" என்று கெஞ்சியிருக்கிறேன். தீனி இல்லாமல் ஒரு நாளும் என்னிடம் வந்ததில்லை.

"பாத்தியா புள்ள, சின்னவகிட்ட எப்படி ஒட்டிக்கிட்டுதுன்னு!" என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, குதிரைமசாலைக் கொஞ்சம் கொறச்சுக்கலாங்களா? குட்டிக்குன்னாப் பரவால்லீங்க. வளந்த முயலுக்கு ஆவாதுங்க. மூத்திரம் சுண்ணாம்பாட்டம் போகும். புல்லே போதுங்க."

குதிரைமசால் என்பது மாட்டுக்குப் போடுகிற பசுந்தழை. பால்காரர் தினம் ஒரு கட்டு கொடுப்பார். மாடு பால் கறக்க நல்லதென்றால் முயலுக்கும் நல்லதுதானே என்பது என் கணக்கு.

"அது என்ற முயல், அம்மிணி. அதுக்கு என்ன போடோணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் சரிங்க்கா என்று போய்விட்டாள். மறுநாள் பால்காரரிடம் இரண்டு கட்டாகக் கேட்டு வாங்கினேன். மசால் வாசம் பட்டதும் முயல் அவள் காலடியை விட்டு எழுந்து என்னிடம் ஓடிவந்தது. தின்று முடிக்கிற வரை அது என்னுடையது. தின்றதும் மறுபடி அவளிடம் போகாமலிருக்க, பிடித்துக் கூண்டில் அடைத்துவிடுவேன். முன்பு வீடு முழுக்க ஓடித் திரிந்த பிராணி, நாள் முழுவதும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் ஒன்றுவிட்டொரு நாள் தெருக்குழாயில் வரும், வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். நான் முயலுக்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றுவேன். அது மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். அவள் குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றுவதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். முயல் தலையை எடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தது.

"நாம குடிக்கற தண்ணியை முயலுக்கா ஊத்துவாங்க?" என்றேன். அன்றோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். கூண்டுத் துணியை எடுத்து உதறும்போது வெள்ளைப் பொடி பறந்தது. முயல் மூத்திரம் பெய்த இடமெல்லாம் காய்ந்து சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டியது. அவள் சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. துணியை அவள் கண்ணில் படாமல் சுருட்டிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

பிறகு முயலின் பின்னங்கால் மயிர் எப்போதும் நனைந்தே இருந்தது, நாற்றமும் அடித்தது. முதுகைக் கூனிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வெகுநேரம் முக்கும். ஒரு சொட்டுதான் வரும். ஒரு நாள் அந்தச் சொட்டில் ரத்தம் கலந்திருந்தது.

அப்போதுகூட அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவரை அரை நாள் லீவு போடச் சொல்லி, அவள் குழாயடிக்குப் போன நேரமாகப் பார்த்து, முயலை மூங்கில் கூடையில் வைத்து மூடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் மாடும் எருமையும் பார்த்துப் பழகினவர். ஆனாலும் முயலைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பக்குவமாகத் தடவினார். அடிவயிற்றை இரண்டு விரலால் மெல்ல அமுக்கினார். மூத்திரம் கரைத்த சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக, வெள்ளையாக வழிந்தது. முயல் ஒரு முறை கத்தியது. முயல் கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மூத்திரப் பையில மணலாச் சேந்திருக்குதும்மா. என்ன தீனி போடறீங்க?"

"குதிரைமசாலுங்க."

"எத்தனை?"

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுங்க."

"ரெண்டு கட்டா? யாரு போடறது?"

என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு நொடிதான். "என்ற கொழுந்தனார் சம்சாரமுங்க. அவதான் முயலைப் பாத்துக்கறா" என்று சொல்லிவிட்டேன்.

"அவங்ககிட்டச் சொல்லுங்க, இது மாடில்ல. தின்னதுல மிச்சமான சுண்ணாம்புச் சத்து இதுக்கு மூத்திரத்துலதான் வெளிய போகோணும். தண்ணி பத்தலீன்னா பையிலயே தங்கிக் கெட்டியாயிரும். மசாலை நிறுத்துங்க. நல்ல தண்ணி, ஈரப்புல்லு, ஓடியாட எடம், காஞ்ச துணி. மறுபடி அடைச்சுதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி, ஒரு மருந்தும் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். என் கணவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. தாழ்ந்த குரலில், "முயல் வளத்தவரு ஊட்டுப் புள்ளதானம்மா நீ? தெரிஞ்சேவா மசாலை அள்ளிப் போட்டே?" என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். நான் குனிந்து கூடையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமேக் கூண்டுகிட்டப் போகலீங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. முயல் முழுக்க முழுக்க எனக்கே ஆகிவிட்டது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் தாங்கவில்லை. மசாலை நிறுத்திவிட்டுப் புல் போட்டேன், முயல் தொடவில்லை. நல்ல தண்ணீரே வைத்தேன், அதையும் குடிக்கவில்லை. மருந்தை வாயில் ஊற்றினால் வழியவிட்டது. மூன்றாம் நாள் காலை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையில் குறுகிக் கிடந்தது. ஒரு முயலை எப்படித் தண்ணீர் குடிக்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் பத்தடி தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மிணி, டாக்டர்கிட்ட உன்ற பேரைச் சொல்லிட்டேன்."

"தெரியுங்க."

"அது உங்கிட்ட வந்தா எனக்கு வயிறு எரியுது. அதுலதான் அப்பிடிச் சொல்லிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "அதுக்குன்னு என்ற தலையில போடுவீங்களா? மாமாகிட்ட நெசத்தைச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிட்டு வாங்க."

சாயங்காலம் வரை முயல் தாங்குமா என்று எனக்குப் பயம். செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு நடந்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கம்பெனி வாசலுக்குப் போகிற வழக்கமே இல்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டதும் என் கணவர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். மீசையெல்லாம் பஞ்சு. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"மசால் போட்டது நானுங்க. அவ வேண்டாம்னு சொன்னா. நல்ல தண்ணி ஊத்தினதையும் நான்தான் தடுத்தேன். டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்."

வாசலில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தரிக்கோலைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஊட்டுக்குப் போ. சாயங்காலம் வந்து நான் அந்தப் புள்ளகிட்டப் பேசிக்கறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் திரும்பி வந்தபோது கூண்டு திறந்திருந்தது. நான் சொன்னேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவள் காத்திருக்கவில்லை. முயலை மடியில் போட்டுக்கொண்டு, அருகம்புல்லைத் தண்ணீரில் முக்கிச் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாக அதன் வாயோரம் வைத்துக்கொண்டிருந்தாள். முயல் மென்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. பிழைத்துக்கொள்ளும் என்ற நிம்மதி ஒரு பாதி. என் கையில் தின்னாதது அவள் கையில் தின்கிறதே என்ற எரிச்சல் மறுபாதி.

என் கணவர் அன்று சாயங்காலம் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவரோடு அவள் பழையபடி பேசினாள். என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை முயலிடம் சொல்வாள்.

"சாமி, உங்க பெரியம்மாகிட்டச் சொல்லு. புல்லைக் கழுவி உதறாமக் கொண்டுவரோணும். ஈரம் உள்ள போகட்டும்."

"சாமி, பெரியம்மாவைத் துணி மாத்தச் சொல்லு. நனைஞ்சதுலயே உக்காந்தா உனக்குப் புண்ணாயிரும்."

நான் உதறாமல் கொண்டுவந்தேன், வேளைக்கு வேளை துணி மாற்றினேன். கூண்டுக் கதவைக் கழற்றியே வைத்துவிட்டோம். அது ஓடியாடினால் பையில் மணல் தங்காது என்றாள், அதையும் முயலிடம்தான். அந்தப் 'பெரியம்மா'தான் என்னைச் சுட்டது. நான் பெரியம்மா என்றால் அம்மா யார்?

ஒரு நாள் காலை நான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா! இங்க வாங்க, வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள். என்ன ஆயிற்றோ என்று ஓடினேன். கூண்டுத் துணியைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்திருந்தாள். முந்தைய நாள் ஈரம் காய்ந்து வெளிர் மஞ்சளாகக் கறை மட்டும் இருந்தது. தேய்த்துப் பார்த்தேன். விரலில் பொடி ஒட்டவில்லை. இரண்டு பெண்கள் ஒரு முயலின் மூத்திரத் துணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு, அதை முதலில் பார்த்தது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

முயல் அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தது. நடுவில் கொழுந்தனாருக்கு ஊத்துக்குளிப் பக்கம் வேலை கிடைத்துத் தனிக்குடித்தனம் போனார்கள். முயலைக் கொண்டுபோகச் சொல்லி நானே கேட்டேன். "உங்ககிட்டயே இருக்கட்டுங்க்கா. இப்ப நீங்க என்னையவிட நல்லாப் பாத்துக்கறீங்க" என்றாள். அது உண்மைதான். மசால் கட்டு மறுபடி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நல்ல தண்ணீரில் முதல் டம்ளர் முயலுக்குத்தான்.

அவள் மாதம் ஒரு முறை வருவாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் முயல் எங்கிருந்தாலும் ஓடிவந்து அவள் பாதத்தைச் சுற்றிச் சுற்றி வரும். "அக்கா, எப்பிடிக் கொழுத்துட்டுதுன்னு பாருங்க!" என்று அள்ளி எடுத்துக் கொஞ்சுவாள்.

நான் காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போவேன். இரண்டு டம்ளர் காபி போடத் தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே உள்ளே நின்றுவிட்டுத்தான் வெளியே வருவேன்.