முடிக்காமல் விட்ட வாக்கியங்கள்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், இமயமலையில் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் அடி உயரத்தில் இருந்த ஒரு கூடார முகாமில் இது நடந்தது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் படிக்கும் நாங்கள் எட்டுப் பேர் மலையேறச் சென்றிருந்தோம். எங்கள் ஊரில் ஏறிப் பழக மலை ஏது? ஆளுக்கொரு பையில் மணலை நிரப்பிக்கொண்டு, விடுதி மாடிப்படிகளிலேயே இரண்டு மாதம் ஏறி இறங்கினோம்.

நான் மேடைப் பேச்சாளன். பட்டிமன்றத்தில் எந்த அணியில் அமர்த்தினாலும் வாதாடத் தெரிந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆகவே, உயரமான இடங்களில் உடலைக் காப்பது எப்படி என்று குழுவுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது. மெல்ல ஏறுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள் என்று இருபது நிமிடம் முழங்கினேன். தலைவலி அவமானம் அன்று, அதை மறைப்பதே அறியாமை என்று நான் முடித்தபோது எழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில், குழுவிலேயே முதல் தலைவலி எனக்குத்தான் வந்தது.

வழிகாட்டி நாள்தோறும் எல்லோரிடமும் நலம் விசாரிப்பார். விரலில் சிறு கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார். அன்று என் அளவு குறைந்திருந்தது. குளிரில் விரல் விறைத்ததுதான் காரணம் என்று ஆங்கிலத்தில் அழகாக வாதாடினேன். மாலையில் மீண்டும் பார்க்கலாம் என்று அவரும் விட்டுவிட்டார். வென்றுவிட்டதாகவே நினைத்தேன். பாடம் நடத்தியவனே முதலில் படுத்துவிட்டான் என்ற பேச்சுக்கு அஞ்சினேன் என்பதே உண்மை.

என் அறைத்தோழன் கடலூரை ஒட்டிய கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன். அப்பாவோடு படகில் போய்ப் பழகியவன். என் மேடைப் பேச்சுகளுக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உறங்குபவன். வழியில் அவன் பண்ருட்டி முந்திரியை நீட்டியபோது வேண்டாம் என்றேன். அந்தப் பொட்டலத்தில் பாதியை ரயிலிலேயே தின்று தீர்த்தவன் நான். அவன் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தான்.

பிற்பகலில் முகாமை அடைந்ததும், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடந்துகாட்டச் சொன்னான். நான் கற்றுக்கொடுத்த அதே சோதனை. நான்காம் அடியில் சாய்ந்தேன். தரை மேடுபள்ளம் என்றேன். கால் களைப்பு என்றேன். எங்கள் பயணத்தின் இலக்கான கணவாயை மறுநாள் கடக்க என்னால் முடியும் என்பதற்குக் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மச்சான், உன் பேச்ச மூணு வருஷமா கேக்கறேன். தூங்கிக்கினே கேட்டாலும் ஒன்னு தெரியும், நீ எந்த வாக்கியத்தயும் பாதியில வுட்டதில்ல. இப்ப ஒன்னுகூட முடிக்கல."

வழிகாட்டியை அழைக்க எழுந்தான். முடியுமா முடியாதா என்று என்னிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று கெஞ்சினேன்.

"கடல்ல எங்க போட்டுல முடியாதவன்கிட்ட முடியுமான்னு கேக்க மாட்டோம்டா. முடியும்னுதான் சொல்லுவான். மத்தவங்க பாத்துட்டு கரைக்குத் திருப்பிடுவோம். மீனு நாளைக்கும் இருக்கும்."

என் நடையைப் பார்த்த கணமே வழிகாட்டி முடிவெடுத்துவிட்டார். ஆக்சிஜன் கொடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே உதவியாளர் ஒருவரோடு என்னைக் கீழே அனுப்பினார். தோழனும் தன் பையைக் கட்டினான். அந்தக் கணவாயின் படத்தை ஆறு மாதமாகக் கைப்பேசித் திரையில் வைத்திருந்தவன் அவன். நீயாவது போ என்றேன். "ஜாஸ்தி பேசாத, மூச்சு வாங்கும்" என்று என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

மூளையில் வீக்கம் தொடங்கியதற்கான அறிகுறிகள் அவை, அங்கேயே தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் அடிவாரத்து மருத்துவர். மறுநாள் காலை தலைவலி விட்டிருந்தது. கண் விழித்ததும் முந்திரி கேட்டேன். தோழன் பொட்டலத்தை நீட்டிவிட்டு, "கரை வந்துட்ச்சி" என்று சிரித்தான்.

அந்தக் கணவாயை நாங்கள் இருவரும் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மேடை ஏறும்போதும் கடைசி வரிசையில் அவன் கண்மூடி அமர்ந்திருக்கிறான். என் வாக்கியம் முடிகிறதா என்று உறக்கத்திலும் கேட்கும் செவி ஒன்று அங்கே இருக்கிறது என்ற நிறைவோடுதான் நான் பேசத் தொடங்குகிறேன்.