எலும்பு மூட ஒரு மாதம்

யன்னலைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயைச் செருகிய பிறகுதான் பெர்னடெற் தன் கோட்டைக் கழற்றுவார். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள் காற்றுப் புகக் கூடாதாம். "இப்ப ஒண்டும் தெரியாது. நாப்பது வயசில முதுகு சொல்லும்" என்பார், என்னைவிட நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.

பிறந்தது ஹெயிட்டியில். பாரிசில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய சந்திரகுமாரைக் கட்டியதில் தமிழும் லண்டனின் வெம்பிளியும் சேர்ந்து வந்தன. தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து ஷிப்ட் முடிந்ததும், பிள்ளை பெற்று, தாய் பக்கத்தில் இல்லாத பெண்களைத் தேடிப் போவார்.

பிள்ளை பெற்ற உடம்பில் எலும்பெல்லாம் திறந்து கிடக்கும் என்பது அவர் ஊர்க் கணக்கு. முதல் மூன்று நாள் எலுமிச்சை இலையும் பப்பாசி இலையும் அவித்த சுடுநீர்க் குளிப்பு. அடுத்த மூன்று நாள் வெயிலில் வைத்த இலைத்தண்ணீர்; லண்டன் வெயிலை நம்பாமல் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறார். அதன் பின்னும் வெதுவெதுப்புத்தான். மாதம் முடிய ஒரேயொரு பச்சைத்தண்ணீர்க் குளிப்பு, எலும்பு மூட. வயிற்றை இறுக்கிக் கட்டும்போது மட்டும் கொஞ்சமும் இரக்கம் கிடையாது.

இப்போது எங்கள் கீழ்வீட்டு றொசாந்தியிடம் வருகிறார். பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். றொசாந்தியின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. புருஷன் வேலைக்குத் திரும்பிவிட்டான். பாலூட்ட யாராவது பிள்ளையை மடியில் வைக்க வேண்டும், யாராவது திரும்ப எடுக்க வேண்டும். "தூக்கப் பயமாக் கிடக்கு அன்ரி. விழுத்திப் போடுவன்" என்று பெர்னடெற்றிடம் சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். நேர்ஸ் வந்து பேசுகிறார், மனச்சோர்வுக்குக் குளிசையும் உண்டு. பெர்னடெற் அதில் தலையிடுவதில்லை. "அது அவையின்ர வேலை. குளிப்பாட்டுறதும் சாப்பாடும் என்ர வேலை."

சனிக்கிழமை நான் போனபோது குளிப்பு முடிந்திருந்தது. தலையில் துணி சுற்றி, காலில் காலுறை போட்டு, கட்டிலில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள் றொசாந்தி. பெர்னடெற் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிச்ச இலைத்தண்ணீர் வாளி.

தொட்டிலில் பிள்ளை வீரிட்டது. றொசாந்தி பெர்னடெற்றைப் பார்த்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை, எழுந்துவிட்டேன். பெர்னடெற் ஒரு பார்வையில் என்னை இருத்தினார். பிறகு இரு கைகளையும் மணிக்கட்டுவரை வாளிக்குள் விட்டார்.

"என்ர கை ரெண்டும் ஈரம், றொசாந்தி. பிள்ளையை நீர் தூக்கும்."

றொசாந்தி சூப்பை வைத்தாள். தொட்டிலடியில் நின்றாள். ஒரு கையைப் பிள்ளையின் கழுத்துக்குக் கீழே கொடுத்தாள். வெகுநேரம் கழித்து மற்றக் கையை.

பிள்ளையின் அழுகை அவள் தோளில் அடங்கும்வரை பெர்னடெற் வாளிக்குள்ளிருந்து கைகளை எடுக்கவில்லை.