கொய்யா மரத்தில் முனியா

சென்னைப்பட்டணத்தில் காகத்துக்குக் கிடைக்கிற உபசாரம் யாழ்ப்பாணத்தில் சம்பந்திக்குக்கூடக் கிடைக்காது. எங்கள் ஊரில் சனி விரதக்காரர்தான் காகத்தைத் தேடுவார்கள். இங்கே தியாகராய நகரில், எங்கள் வீட்டுக்கார மாமி தினமும் சோற்றை மதிலில் வைத்து "கா... கா..." என்று கூப்பிடுவார். அது வந்து கொத்தும்வரை அவர் வாயில் பருக்கை படாது. அந்தக் கரிய விருந்தாளியைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. கொல்லைக் கொய்யா மரத்தில் ஒரு சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் தினை போட்டேன். ஊரிலே தோட்டத்துத் தினையைத் தின்ன வந்த குருவிகளைத் தகரம் தட்டித் துரத்திய கை இது.

முதலில் வந்தவை பழகிய முகங்கள். மீன் செதில் போல வயிறெல்லாம் கோடு போட்ட தினைக்குருவி, முதுகின் அடியில் வெள்ளை தெரியும் இன்னொன்று. இரண்டையும் ஊரிலேயே திட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் கட்டைவிரல் அளவில், குங்குமச் சிவப்பில், மேலெல்லாம் வெள்ளைப் பொட்டுடன் ஒன்று வந்து உட்கார்ந்தது. பெயர் தெரியவில்லை. தமிழ்ப் பண்டிதனுக்கு ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால் சோறு இறங்காது. எங்கள் பள்ளியில் உருது கற்பிக்கும் முன்ஷியிடம் கேட்டேன். அவர் திருவல்லிக்கேணிக்காரர்.

"அட, அது லால் முனியா சார்! எங்க தெருவுல வூட்டுக்கு வூடு கூண்டுல கீது. எவன் கூண்டுலேந்தோ தப்பிச்சுகினு வந்துகீது" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து, கொய்யா மரத்தடியில் நின்றே மனைவியைக் கூப்பிட்டேன். "பெயர் பிடிபட்டுட்டுது! முனியா! சிவத்த முனியா எங்கட மரத்துக்கு வந்திருக்கு!" மேலே மொட்டை மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்த மாமியை நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கார மாமா வந்தார். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். நாங்கள் குடிவந்த புதிது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர் அவர். மீன் சமைக்க மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வீடு கொடுத்திருந்தார்.

"பண்டிதரே, மரத்துல முனி வந்திருக்காமே?"

"ஓம் ஐயா. நான்தான் தினை வைச்சு வரப் பண்ணினனான்."

"நீரேவா? ஒண்ணுதானா?"

"ஓம், ஓம். இப்ப ஒண்டு. விட்டால் கூட்டமா வரும்."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தினை வைக்கலேன்னா?"

"வேறை வீட்டை போயிடும். உங்கட பக்கமும் வரலாம்" என்றேன், தாராளமாக.

மனுஷர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். 'ஆமாம்' என்பதற்கு நாங்கள் 'ஓம்' என்போம். அதை அவர் மந்திரம் என்று எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சிலோன்காரன் முனியை வசியம் பண்ணிக் கொல்லையில் கட்டியிருக்கிறான்!

மறுநாள் காலை, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. காரணம் சொல்லவில்லை. மனைவிக்கு ஆறாம் மாதம். முன்பு ஒன்று வயிற்றிலேயே தவறியிருந்தது. ரயிலும் கப்பலும் ஏறிப் பயணம் போகவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். இந்த ஊரில் நமக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்? அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

சற்று நேரத்தில் மாமியே கொல்லைக்கு வந்தார். கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம். போகிற முனி கோபிக்காமல் போகட்டும் என்று சாந்தி பண்ண வந்திருக்கிறார். "முனியா, எங்க குடும்பத்தை விட்டுடு" என்று அவர் மரத்தைக் கும்பிட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. என் மனைவிக்கு எனக்கு முன்னரே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மாமியின் தோளைத் தொட்டாள்.

"மாமி, அந்தா முனியா. சிரட்டையிலை."

"எதுலேடி?"

"கொட்டாங்கச்சியிலை!"

சிவப்புக் குருவி ஒரு தினையை உடைத்து, உமியைத் துப்பியது. மாமி வாயைத் திறந்தபடி நின்றார்.

"இந்தப் பொட்டுப் பட்சிக்கா நான் ராத்திரி பூரா ராம ராமான்னு ஜபிச்சிண்டிருந்தேன்? ஏன்னா! பட்சின்னா அது! இங்க வந்து பாருங்கோ!"

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு என் மனைவியின் வீங்கிய முகத்தைப் பார்த்தார். "அழுதியா? அசடு. காலி பண்றதாவது! பிரசவம் இந்தாத்துலதான். நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அவளுக்குப் பானகம் கலந்து கொடுத்தார். அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சுக்குச் சிரட்டையே ஆடியிருக்கும்.

மத்தியானம் நான் பள்ளிக்குப் புறப்படுகையில் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"மறக்காமல் வீட்டை காயிதம் போடுங்கோ, நாங்கள் வீட்டிலைதான் இருக்கிறம் எண்டு."

பிள்ளைகளின் கட்டுரையில் யாழ்ப்பாணத்து வீடும் இந்த வீடும் வெறும் 'வீடு' என்றே ஒரு வாக்கியத்தில் வந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். அன்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.