பேஞ்சோ என்ன விலை போகும்?

பழைய பேஞ்சோவுக்கு விலை சொல்வது, பெண் பார்க்கப் போன வீட்டில் காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வதைப் போன்ற வேலை. உண்மையைச் சொன்னால் முகம் வாடும். பொய் சொன்னால் இன்னொரு டம்ளர் வரும்.

அம்பத்தூர் ஓ.டி.யில் வாத்தியக் கடை வைத்திருக்கிறேன். ஹார்மோனியத்துக்குத் துருத்தி மாற்றுவோம், கிடாருக்குத் தந்தி போடுவோம், பழையதை வாங்கிச் சரி செய்து விற்போம். இதில் எப்படியோ பேஞ்சோவுக்கு விலை சொல்கிறவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அப்பா வைத்துவிட்டுப் போனது, மாமனார் வைத்துவிட்டுப் போனது என்று ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பழைய நகையோ பழைய புடவையோ பழைய காரோ, எதற்காவது விலை சொல்லிப் பிழைக்கிறவர் நீங்களும் என்றால், மேலே படியுங்கள். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

பேர் ஒன்று, பொருள் வேறு

ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்த்திகேயன் வந்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், இங்கே ஐ.டி. வேலை. கூடவே மனைவி நித்யா. பெரியப்பா காலமான பிறகு அவருடைய பேஞ்சோ இவர் பங்குக்கு வந்திருக்கிறது. அதை மேசைமேல் வைப்பதற்கு முன்னாலேயே கைபேசியை நீட்டினார். வெளிநாட்டில் ஏலத்துக்கு வந்த ஒரு பேஞ்சோவின் படம். வட்டமாகத் தோல் கட்டி, நீளக் கழுத்தில் முத்துச்சிப்பி பதித்தது. கீழே போட்டிருந்த விலையைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது.

பிறகு துணியைப் பிரித்தார். உள்ளே இருந்தது நம்ம ஊர்ப் பேஞ்சோ. டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் வைத்த நீளப் பெட்டி. இடது கையால் பொத்தானை அமுக்கி, வலது கையால் தந்தியை மீட்டுவது. கச்சேரிக் குழுக்களில் பார்த்திருப்பீர்கள். "சார், அதுவும் பேஞ்சோ, இதுவும் பேஞ்சோ. பேர் மட்டும்தான் ஒண்ணு" என்றேன். நல்ல மரம், பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உங்கள் கைபேசி விலைகூட வராது என்பதையும் சொல்லிவிட்டேன்.

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த ஏல விலையை நம்பி, வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்ச் சேரலாம் என்று முந்தின ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறார்கள். ராஜினாமாக் கடிதத்தைக்கூட அடித்து வைத்துவிட்டாராம். நித்யா அதற்குள் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பொத்தான்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தி தளர்ந்திருந்ததால் ஏதோ தகரம் பேசுவதுபோல் வந்தது. அவருக்கு அதுவே பிடித்திருந்தது போல. என்னிடம் தந்தி மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கணவரிடம் சொன்னார்:

"லெட்டர் டிராஃப்ட்லயே இருக்கட்டுங்க. முதல்ல இதுல ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் வேலைய விடுறதப் பத்திப் பேசலாம்."

பாஷா பாயின் தூக்கம்

பாஷா பாய் கொரட்டூர் ஏரிப் பக்கம் பழைய சாமான் எடுக்கிறவர். மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் வருவார். இரும்பு, பேப்பர், பாட்டில் எல்லாம் எடை போட்டுவிடுவார். தந்தி உள்ள பொருள் எதையும் உடைக்க மாட்டார், நேராக என்னிடம் கொண்டுவருவார்.

ஒருநாள் கொண்டுவந்தது வட்டப் பேஞ்சோ. வீடு காலி செய்துகொண்டிருந்தவர்கள் பரணிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்துப் போட்டுவிட்டார்களாம். தூசியைத் துடைத்துப் பார்த்தேன். கழுத்து வளையவில்லை, திருகுகள் ஒன்றுகூடக் குறையவில்லை, உள்ளே வெளிநாட்டுத் தயாரிப்பு முத்திரை தெளிவாக இருந்தது. இந்த வேலையில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். "பாய், அடிச்சுது உங்களுக்கு யோகம்" என்று உண்மை விலையைச் சொன்னேன். நானே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த வீட்டம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னார்களாம். பொருள் என்னவென்று தெரியாமல் போட்டிருக்கிறார்கள். பேஞ்சோவைத் திரும்பத் துணியில் சுற்றி, பேப்பர் கட்டுகளுக்கு மேலே பத்திரமாக வைத்து, வண்டியைத் திருப்பினார். எனக்கு வாய்த்த நல்ல சரக்கு என் கண்ணெதிரே போகிறது. போகிற போக்கில் என்மேல் ஒரு குற்றச்சாட்டு வேறு:

"நீ பாட்டுக்கு வெலய சொல்லிட்ட, இப்ப நான் எப்டிமா தூங்குறது? கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தாத்தான் கண்ணு மூடும்."

கொசுவலைக் கதவு

ஆவடியிலிருந்து வந்த மெர்சி டீச்சர் கொண்டுவந்ததும் வட்டப் பேஞ்சோதான். வரும்போதே சொல்லிவிட்டார், விற்க வரவில்லை என்று. அவருடைய அப்பா ஒரு தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்தவர். அங்கே இருந்த வெள்ளைக்கார துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் பேஞ்சோவை அப்பாவிடம் பரிசாகக் கொடுத்தாராம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் அப்பா அதை எடுத்து வாசிப்பாராம். மற்ற நாளில் வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. அப்பா போய்விட்டார். இப்போது கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து அதில் வைக்கப் போகிறார்கள். பூட்டுப் போடுகிற அளவுக்கு மதிப்பு உண்டா என்று தெரிய வேண்டும்.

தோல் கிழிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன், சம்மதித்தார். கழற்றக் கழற்ற எனக்குச் சங்கடமாகிவிட்டது. வட்டச் சட்டம் மாவுச் சல்லடையின் மரவளையம். கழுத்தில் வரிசையாகப் பதித்திருந்தது சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி. எந்த துரையும் இதைக் கப்பலில் கொண்டுவந்திருக்க முடியாது. ஆனால் வேலை அவ்வளவு சுத்தம். ஒரு கம்பிகூடக் கோணவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே, தோலை இழுத்துப் பிடிக்கிற பித்தளைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தேன்.

டீச்சர் ஒரு கொக்கியை எடுத்தார். அதன் நுனி சின்ன இலை மாதிரி சுருண்டிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க வீட்டுக் கொசுவலைக் கதவுல இருக்கு" என்றார். "அப்பா வளைச்சது. ஜன்னல்லயும் இதேதான்." அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அவருக்குக் கண் கலங்கியது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது.

"கடையில இதுக்கு விலை கிடையாது டீச்சர்" என்றேன். "சத்தம் வருமா?" என்று கேட்டார். புதுத் தோல் போட்டுக் கட்டினேன். மறுவாரம் வந்து வாங்கும்போது நான் ஒருமுறை மீட்டிக் காட்டினேன். சுருதி கச்சிதமாகச் சேர்ந்தது. அலமாரி என்ன ஆயிற்று என்று கேட்டதற்குத்தான் அவர் இப்படிச் சொன்னார்:

"அது வேணாம்னு சொல்லிட்டேன் மேடம். துரை குடுத்ததா இருந்தா பூட்டி வெக்கலாம், எங்கப்பா செஞ்சதுன்னா எல்லாரும் தொடலாம்."

குறைத்துச் சொல்லுங்கள்

என்னிடம் வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கொஞ்சம் கூடப் போட்டுச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லச் சொன்னவர்கள் மேனாம்பேட்டு அண்ணன் தம்பி இருவர் மட்டும்தான்.

அண்ணன் செல்வம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். தம்பி குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுடைய அப்பா கல்யாணக் கச்சேரிகளில் பொத்தான் பேஞ்சோ வாசித்தவர். அவருடைய காரியத்தை யார் வீட்டில் வைப்பது என்பதில் தகராறாகி, இருவருக்கும் பேச்சில்லை. பெரியவர்கள் சேர்ந்து சாமான்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பேஞ்சோ மட்டும் பாக்கி. ஒருவர் எடுத்துக்கொண்டு, மதிப்பில் பாதியை மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

பெஞ்சின் இரண்டு ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். "தண்ணி வேணுமான்னு அவர்ட்ட கேளுக்கா" என்று தம்பி என்னிடம் சொன்னார். "வேணாம்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். நடுவில் நான்.

தம்பி ஆட்டோவை நகர்த்தி நிறுத்த வெளியே போனதும் அண்ணன் எழுந்து வந்தார். "யக்கா, வெலய கொஞ்சம் கம்மியா சொல்லேன்" என்றார் மெதுவாக. தம்பியை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேஞ்சோவைத் துடைக்கத் தொடங்கினேன். பிறகு அண்ணனுக்கு போன் வந்தது. அவர் வாசலுக்குப் போனார். உடனே தம்பி வந்தார். "யக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். கம்மியாவே சொல்லிடு." இதென்ன கூத்து என்று காரணம் கேட்டேன். "நானே வெச்சிக்கணும்க்கா. பாதிய அவருக்குக் குடுக்கணும்ல? கையில அவ்ளோ இல்ல" என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு, விலையைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். "தனித்தனியா வந்து ரெண்டு பேரும் குறைச்சுச் சொல்லச் சொன்னீங்க. ரெண்டு பேருக்குமே அது வேணும். நான் என்ன பண்ணட்டும்?"

செல்வம் முதல்முறையாகத் தம்பியைப் பார்த்தார். "ஒனக்கு இன்னாத்துக்குடா அது? வாசிக்கத் தெரியுமா?"

"ஒனக்கு மட்டும் தெரியுமா?"

வெளியே பஸ் ஹாரன் சத்தம். குமார்தான் மறுபடி பேசினார். "காத்தால நைனா தந்தியத் தட்டிப் பாக்கும்ல, அந்த சத்தத்துலதான் நான் எந்திரிப்பேன். இப்ப ஊட்ல அலாரம் அடிச்சாலும் எந்திரிக்கத் தோணல அண்ணாத்தே." செல்வம் எழுந்து பேஞ்சோவைத் துணியில் சுற்றினார். எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தம்பி மடியில் வைத்தார்.

"நீயே வெச்சிக்கடா. ஆனா நாயித்துக்கெயமன்னா எங்க ஊட்டுக்கு எத்துகினு வரணும், நீயும் வரணும். அத மட்டும் யார்ட்டயாச்சும் குடுத்தனுப்புன, உள்ள உட மாட்டேன்."

காலமானவர் வந்தார்

பூந்தமல்லியிலிருந்து பிரபு என்பவர் ஒரு மாலையில் வந்தார். "அப்பாவோட பேஞ்சோ. என்ன விலை போகும்?" வழக்கம்போல நான், "அப்பா தவறினது எப்போ? ரொம்ப வருத்தமா இருக்கு" என்றேன். அவர் வாய் திறந்து, மூடி, தலையை ஆட்டினார். விலை சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன், இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வெள்ளை வேட்டியில் பெரியவர் ஒருவர் மெதுவாகப் படியேறினார். வலது கை தொங்கினாற்போல இருந்தது. பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பிரபு. "வணக்கம்மா" என்றார் பெரியவர். "நேத்து நீங்க வருத்தம் தெரிவிச்சீங்களாமே. அது எனக்குத்தான்."

எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பெரியவர் பெயர் தேவராஜ். எத்தனையோ மெல்லிசை மேடைகளில் வாசித்தவர். பக்கவாதம் வந்து வலது கை பிடியை இழந்துவிட்டது. பிரபு காசுக்காகக் கொண்டுவரவில்லை. அப்பா தினமும் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதை அவரால் தாங்க முடியவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். வெறும் இடத்தைப் பார்த்த அப்பா சாப்பிட மறுத்துவிட்டார். பிறகுதான் மகன் உண்மையைச் சொன்னாராம்.

பேஞ்சோவை எடுத்து மேசைமேல் வைத்தேன். பெரியவர் இடது கையைப் பொத்தான்களின்மேல் வைத்தார். அது தன்பாட்டுக்கு இடம் கண்டுபிடித்துக்கொண்டது. வலது கையில் மீட்டுகிற வில்லையைக் கொடுத்தேன். நழுவி விழுந்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடி விழுந்தது. அவர் முகம் மாறத் தொடங்கியது. அப்போது பிரபு குனிந்து அந்த வில்லையை எடுத்தார். அப்பாவிடம் கொடுக்கவில்லை. அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே தந்தியைத் தட்டினார். எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லையாம் அதுவரை. முதலில் கொத்துகிற சத்தம்தான் வந்தது. அப்பா பொத்தானை அமுக்க, மகன் தட்ட, தட்டத் தட்டச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு பாட்டின் முதல் அடி வந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிரபு சந்தோஷத்தில் நிறுத்திவிட்டு, "அப்பா, இத விக்க வேணாம்பா" என்றார். பெரியவர் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"நான் போனப்புறம் விலை கேளுடா, அதுவரைக்கும் இது பரம்பரைச் சொத்து இல்ல, பேஞ்சோ. தட்டு, தாளம் போகுது."

கொண்டுவருகிறவர்கள் எல்லாம் இப்படித் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் கடை எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா, புதுத் தந்தி வியாபாரம் மட்டும் எனக்கு அமோகமாக நடக்கிறது.