ஆறு தடவை மாட்டிய பைப்பு

அருளப்பண்ணன் மலேசியாவில், பிறை என்ற ஊரில், ஒரு சீனி ஆலையில் முப்பத்தொரு வருடம் பைப் ஃபிட்டராக இருந்தவர். தான் இறுக்கிய நட்டை இன்னொருவன் தொட்டுச் சரிபார்க்கத் தேவையே இருந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். ஐந்தாம் மாடியில் இருக்கும் எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

அவர் தன் மனைவி ரெஜினாக்காவை அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் மதியம், விருந்துக்குப் போயிருந்த எங்கள் எல்லார் முன்னாலும், கோழிக்கறியை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டியோடு தூக்கிப்போய் சிங்கில் கவிழ்த்தார்.

"இத நாய்கூட மோந்து பாக்காது. மறுபடி வை. எல்லாரும் உக்காந்திருப்பாங்க."

அக்கா மறுபடி வைத்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் கைப்பக்குவத்தைக் கிண்டல் செய்து அண்ணன் அடித்த ஜோக்குகளுக்குச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணனுக்குச் சர்க்கரை முற்றியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போட முடியும். அந்த நேரத்தில்தான் ஜொகூரில் இருக்கும் மகள், கழுத்து வளைந்த புதுப் பைப்பு ஒன்றைச் சமையலறைக்கு வாங்கி அனுப்பினாள். ஆளை வைத்து மாட்டச் சொன்னாள்.

"பைப்பு மாட்ட எனக்கு ஆளா?" என்று அண்ணன் சிங்கின் அடியில் படுத்தார்.

அரை நாள் ஆனது. இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. மூன்றாம் நாள் அடி அலமாரிக்குள் தண்ணீர் நின்றது, அரிசி மூட்டை நனைந்தது. கழற்றி மறுபடி மாட்டினார். அடுத்த வாரம் பைப்பே ஆடியது. புது வாஷர் போட்டார், வெள்ளை டேப் சுற்றினார், பசை தடவினார். நான்காவது தடவை ஒழுகியது கீழ்வீட்டு ரொகாயாவின் கூரையில் போய் இறங்கியது.

"நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க. எனக்கு வெக்கமா இருக்கு," என்றார் ரெஜினாக்கா. அண்ணன் படியிறங்கிப் போனார். அதற்குமுன் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது தடவை மாட்டும்போது அக்கா மாதா கோயில் ஆட்கள் மூன்று பேரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தார். அண்ணனின் கால்கள் அலமாரிக்கு வெளியே நீட்டியிருந்தன. டார்ச் வாயில் இருந்தது.

"பாத்து வாங்க, கால மிதிச்சிடாதீங்க. ஆலைய இந்தக் கைய வச்சித்தான் ஓட்டுனாங்களாம்," என்றார் அக்கா. "எப்படி வெடிக்காம இருந்துச்சுன்னு தெரியல லா."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே ஸ்பானர் கைநழுவி விழுந்தது. அவர் தடவித் தேடும் சத்தம் கேட்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணன் கிளினிக்குக்குப் போயிருந்தார். கிரில் கதவு திறந்து கிடந்தது. சிங்கின் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. ரெஜினாக்காவின் கால்கள். கையில் அண்ணனின் ஸ்பானர்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துப் பதறவில்லை. முழங்கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அரைச் சுத்துதான் தளத்தி விடுறேன் சுசீ. ரொம்ப விட்டா உடனே தெரிஞ்சிடும்."

"அக்கா, எல்லாத் தடவையுமா?"

"மொத தடவ தானா ஒழுகுச்சு. அவரு மொகம் அன்னைக்கு ஒரு மாதிரி ஆச்சு பாரு. அந்த மொகத்த நான் பாத்ததே இல்ல. திரும்பப் பாக்கணும்னு இருந்துச்சு."

"பாவங்க்கா. வயசான மனுசன்."

"அந்தக் கிறிஸ்துமஸ்ல நான் ரெண்டாவதா வச்ச கறியத் தின்னியே, நல்லா இருந்துச்சா?"

கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டே இருந்தேன். லிப்டில் இரண்டு தடவை தனியாகப் பார்த்தும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை மாட்டப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. நானும் அக்காவும் இழுத்து வெளியே உட்கார வைத்தோம். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இறுக்குனேன்னு நெனச்சேன் சுசீ. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

அன்றைக்கே அக்கா ஆ செங் என்பவனைக் கூப்பிட்டார். எங்கள் வட்டாரத்தில் பைப்பு வேலை செய்கிறவன். ஐந்து நிமிடத்தில் எழுந்தான்.

"அங்கிள், இத இறுக்கவே இல்லையே. சும்மா சுத்தி விட்டிருக்கீங்க. இது சின்னப்புள்ள வேல."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். என்னைப் பார்த்தது ஆ செங்தான். இவர் பைப் ஃபிட்டராக இருந்தாரா என்று கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் நம்பவில்லை.

அண்ணன் தன் ஸ்பானர் சாமான் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார். அதோடு நிற்கவில்லை. அடுப்பை அணைத்தோமா, மாத்திரை போட்டோமா என்று எதையும் அவர் நம்புவதில்லை. அக்காவைக் கேட்கிறார். அக்கா சில நாள் ஆமாம் என்கிறார், சில நாள் "இல்லையே" என்கிறார்.

போன மாதம் காலையில் என் வாசலுக்கு வந்தார். புதுச் சட்டை, பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"சுசீ, நான் பூட்டுப் போட்டத நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே. நல்லா இழுத்துப் பாத்தீங்க."

"சரிம்மா."

லிப்ட் வரைக்கும் போனார். லிப்ட் வந்து கதவு திறந்தது. ஏறாமல் திரும்பி வந்து, பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்.