தமிழுக்கு இடம் விடாத பலகை

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். டி-சர்ட்டின் நெஞ்சில் அச்சிடும் ஆங்கில எழுத்துகளை வரைவதுதான் வேலை. ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் செங்கல் வைத்தது போலத் தடித்த பாதம் இருக்கும்; பழைய அமெரிக்க போஸ்டர் பாணி. அந்த எழுத்தின் மேல் எனக்குப் பித்து.

எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சுற்றிப் பார்த்து ஆடிட் செய்ய வருகிறார் என்று, எங்கள் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னார்கள். அதே எழுத்தில் ஆங்கிலத்தில் வரைந்து கொடுத்தேன்.

பெயின்டர் கேட்டார்: “ஏனுங்க, கீழ தமிழ்ல ஒரு வரி போட்டுரலாமுங்களா?”

“தமிழ்ல இந்த மாதிரி எழுத்து இல்லீங்க. போட்டா அழகு கெட்டுரும்” என்றேன்.

பையர் அந்தப் பலகையைப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம், சாத்தூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்த முத்துராசு, தவறி விழுந்த வாளியை எடுக்க அந்தத் தொட்டிக்குள் இறங்கினார். விஷவாயு தாக்கியது. பிணமாகத்தான் தூக்கினோம்.

மறுநாள் அவர் மனைவி அந்த இடத்தைப் பார்க்க வந்தார். பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இதுல என்னண்ணே எழுதியிருக்கு?”

“விஷவாயு இருக்கு, உள்ள இறங்காதீங்கன்னு...”

“அவுக தமிழ் நல்லா வாசிப்பாகண்ணே” என்றார்.

‘பலகைதான் வைத்திருந்தோமே’ என்று கம்பெனி தப்பித்துக்கொண்டது. ஆதாரத்துக்கு ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அதில் என் எழுத்து அழகாகத்தான் விழுந்திருந்தது.