ஸ்ட்ரைக் நாளில் குத்திய முத்திரை

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரக் கிளை அஞ்சலகம் ஒன்றில் நான் முதலில் பார்த்தது, முத்திரை நோட்டில் காயாத கறுப்பு மையில் அன்றைய தேதி. வேலைநிறுத்தத்தின் முதல் நாள் அது. செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். உள்ளே இருந்த சங்கக் கொடியை எடுக்கத்தான் போஸ்ட்மாஸ்டர் கதவைத் திறந்திருக்கிறார். தேதியை மாற்றி, நோட்டில் ஒரு முறை குத்திப் பார்ப்பதுதான் அங்கே தினமும் முதல் வேலை. அன்றும் செய்துவிட்டார்.

"கை பழகிருச்சு தம்பி," என்றார் என்னிடம்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க பாய்," என்றார் கூட வந்திருந்த தபால்காரர்.

"பக்கத்துக்கு நம்பர் இருக்குலே."

மதியம் வந்த அஞ்சல் ஆய்வாளர், நோட்டிலிருந்த முத்திரையைப் பார்த்து, போஸ்ட்மாஸ்டர் பணிக்கு வந்ததாக எழுதிக்கொண்டு போனார்.

டெல்லித் தலைமையின் சுற்றறிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்ததால், எங்கள் பக்கத்துக் கிராம அஞ்சல் ஊழியர்கள் தமிழுக்கென்று தனியாகத் தொடங்கிய சங்கம் அது. செயலாளர் பேசுவார். எழுதுவதும் தமிழாக்குவதும் போஸ்ட்மாஸ்டர். வேலைநிறுத்தத்தன்று பணி செய்தவர் உறுப்பினராக இருக்க முடியாது என்பது இருவரும் சேர்ந்து வைத்த விதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் சங்கக் கூட்டம். செயலாளர் கடலோரத்தைத் தாண்டிய உட்பகுதி விவசாயக் குடும்பத்துக்காரர். எங்கள் பக்க வழக்கப்படி போஸ்ட்மாஸ்டரை எப்போதும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அன்று தோழர் என்றார்.

"கொடி எடுக்கப் போயி மாட்டுன ஆளு ஒலகத்துலயே நம்ம பாய்தான்," என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"நான் வேலை பாக்கலைன்னு இங்கன இருக்க எல்லாருக்கும் தெரியும். அது போதாதா மாமா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர்.

"எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதே தோழர். இன்னக்கி உங்கள விட்டா, நாளைக்கு நெசமாவே வேலை பாத்தவனும் இதே கதையச் சொல்லுவான்."

அவரை நீக்கச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. எத்தனை என்று எண்ணினேன். போஸ்ட்மாஸ்டரின் முகத்தைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. மின்விசிறி ஓடவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அந்தச் சங்கம் பின்னாளில் பெரிய சங்கத்தோடு சேர்ந்துவிட்டது. செயலாளரும் போஸ்ட்மாஸ்டரும் இப்போது இல்லை. சங்க வரலாற்றை எழுதித் தரச் சொல்லி, தீர்மான நோட்டுகளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நேற்று அந்தக் கூட்டத்தின் பக்கத்துக்கு வந்தேன். நீக்கத் தீர்மானம் ஏழு வரி. அடித்தல் திருத்தல் இல்லை. ஏழு வரியும் போஸ்ட்மாஸ்டரின் கையெழுத்து.